ரெண்டு சுழி

கதவைச் சாத்திடாதீங்க ஸ்டெல்லாக்கா. நான் சண்டை போட வரலை. எனக்குச் சண்டை போடவும் தெரியாது, நியாயம் பேசவும் தெரியாது. கொஞ்ச நேரம் நிக்க விடுங்க, போதும். உள்ளே வேண்டாம், நிலைப்படியிலேயே நிக்கிறேன். பாப்பா தோளில் தூங்குது. அது எழுந்திரிக்கிறதுக்குள்ள சொல்லிட்டுப் போயிடுறேன்.

நாலு வருஷமா இந்தக் குவார்ட்டர்ஸில் ஒரே குழாயில்தான் தண்ணி பிடிக்கிறோம். "என்ன பஞ்சவர்ணம், சாப்பிட்டியா?" என்று நீங்க கேப்பீங்க. நான் தலையை ஆட்டுவேன். நம்ம பேச்சு அவ்வளவுதான். ஏட்டு பொண்டாட்டின்னு கர்வம் என்றுகூட நினைச்சிருப்பீங்க. கர்வமில்லைக்கா. வாய் வராது. வார்த்தையெல்லாம் நெஞ்சுக்குள்ளே வரிசையா நிக்கும், உதடு வரைக்கும் வரும், வந்துட்டுத் திரும்பிப் போயிடும். சின்னதிலிருந்தே அப்படித்தான்.

உங்க வீட்டுக்காரரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னு காலையில் குழாயடியில் சொன்னாங்க. அருள்தாஸ் அண்ணன் கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டாராம். எங்க வீட்டுக்காரருக்கு வந்த நோட்டீஸை எங்க வீட்டில் கொடுக்காமலே, என் பேரைத் தானே எழுதி, கொடுத்துட்டேன்னு ஆபீஸில் காட்டிட்டாராம். வேலையே போயிடுமாம்.

அந்தக் கையெழுத்து நான் போட்டதுக்கா.

அப்படிப் பாக்காதீங்க. பார்த்தீங்கன்னா மறுபடி வாய் அடைச்சுப் போகும். நீங்க அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு இருங்க, நான் சொல்லிடுறேன்.

அவருக்கு ஏட்டு ஆர்டர் வந்தது போன வருஷம் ஆடியில். அன்னைக்கும் கொண்டு வந்தது அருள்தாஸ் அண்ணன்தான். ஸ்டேஷன் தபால் எல்லாம் அவர் கைதானே. காக்கிக் கலர் கவர். எங்க வீட்டுக்காரர் நின்னுக்கிட்டே பிரிச்சார், நின்னுக்கிட்டே படிச்சார், அப்புறம் கவரோட கொண்டு போய் முருகன் படத்துக்கு முன்னால வச்சுக் குங்குமம் வச்சார். நானும் எட்டிப் பார்த்தேன். நான் நாலாப்பு வரைக்கும் படிச்சவ. எழுத்துக் கூட்டிப் படிச்சா வரும், ஆனா நேரமாகும். முதல் வரியில் ஒரு பெரிய வார்த்தை இருந்தது. த, ற், கா என்று கூட்டிக்கிட்டே போய், "தற்காலிகம்னா என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிச்சார். "அது சும்மாடி. எல்லா ஆர்டர்லயும் போடுவாங்க. கல்யாணப் பத்திரிகையில 'சுற்றமும் நட்பும் சூழ'ன்னு போடுறதில்லையா, அது மாதிரி. எவன் அதைப் படிக்கிறான்? ஏட்டுன்னா ஏட்டுதான்."

நானும் அப்படித்தான் நினைச்சேன். அன்னைக்கே சட்டையெல்லாம் எடுத்து ரெண்டு கோட்டுப் பட்டையைப் பிரிச்சுட்டு மூணு கோட்டுப் பட்டை வச்சுத் தைச்சேன். கையாலதான். மெஷினில் தைச்சா ஓரம் சுருங்கிடும். அவருக்கு ஓரம் சுருங்கினாப் பிடிக்காது.

அப்புறம் பாத்தீங்கன்னா ஊரே என்னை ஏட்டம்மா என்று கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. கீரைக்காரம்மா, பால்காரர், கேஸ் கொண்டு வர்றவர், எல்லாரும். உங்களுக்கு இது சின்ன விஷயம். அதுவரைக்கும் எனக்குப் பேருன்னு ஒண்ணும் இல்லை. அவர் "இந்தா" என்பார், "ஏய்" என்பார். கோபத்தில் இல்லை, அவர் கூப்பிடுற விதம் அது. மாமியார் "அவளே" என்பாங்க. திடீர்னு நாலு பேர் ஏட்டம்மா, ஏட்டம்மா என்று கூப்பிட்டா என்ன செய்யும்? முதுகு தானா நிமிரும்க்கா. நிமிர்ந்துச்சு.

அந்த நிமிர்ந்த முதுகுதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

மாசியில் அவர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிட்டார், பத்து நாள். பாப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது, நான் ஈரத்துணி போட்டுக்கிட்டு இருக்கேன். வாசலில் உங்க வீட்டுக்காரர். கையில் காக்கிக் கவர்.

"ஏட்டய்யா இல்லையாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"ஆபீஸ் தபால்மா. வீட்டில யாராவது வாங்கிக்கிட்டாப் போதும். இந்த நோட்டில ஒரு கையெழுத்துப் போடுங்க ஏட்டம்மா."

பேனாவை நீட்டினார். நான் கட்டை விரலை நீட்டியிருக்கணும். எங்க வீட்டுக்காரர் எனக்கு பேங்க்கில் கணக்கு ஆரம்பிச்சப்போ அப்படித்தான் நீட்டினேன். அன்னைக்கு எனக்குப் பின்னால பத்துப் பேர் நின்னாங்க. அந்த ஆபீசர் வாட்சைப் பாத்தார். எனக்குப் பேர் எழுதத் தெரியும், ஆனா மெதுவாத்தான் வரும். அதனால விரலைக் காட்டிட்டேன். மையில் உருட்டி வச்சுட்டாங்க. வெளியே வந்ததும் இவர், "கைநாட்டா நீ? பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பன் நாலாப்புன்னு சொன்னாரே" என்று கேட்டார். அப்பச் சொல்லியிருக்கலாம். வச்சது வச்சாச்சு, இனி என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன். ஆறு வருஷமா நான் கைநாட்டுத்தான் அவருக்கு.

ஆனா அன்னைக்கு வாசலில் பின்னால யாரும் நிக்கலை. ஏட்டம்மா என்று வேற கூப்பிட்டுட்டார். ஏட்டம்மா கைநாட்டு வைக்கலாமாக்கா?

பேனாவை வாங்கினேன். உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். நான் எழுதுறதைப் பாக்காம தெருப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியாது, அவசரப்படுத்தலை. நாலாப்புக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என் பேரை முழுசா எழுதினேன். எழுதி முடிச்சதும் நோட்டைக் கொடுக்க மனசு வரலை. ஒரு தடவை பாத்துட்டுத்தான் கொடுத்தேன். சந்தோஷமா இருந்துச்சுக்கா. பிள்ளை காய்ச்சலில் கிடக்கு, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்குத்தான் சாமி இப்படிச் செஞ்சிருச்சோ என்னவோ.

கவரை நான் பிரிக்கலை. அவர் பேர் போட்ட கவரை நான் எப்படிப் பிரிக்க? போன தடவை காக்கிக் கவர் வந்தப்போ நல்லதுதானே வந்தது. இதுவும் அப்படித்தான்னு முருகன் படத்துக்குப் பின்னால செருகிக் குங்குமம் வச்சேன். ராத்திரியே பாப்பாவுக்கு வலிப்பு வந்துருச்சு. பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள், அப்புறம் எங்கம்மா வீட்டில் பத்து நாள். திரும்பி வந்தப்போ அந்தக் கவர் என்று ஒண்ணு இருந்ததே எனக்கு ஞாபகமில்லை. சத்தியமா இல்லை.

பங்குனி பொறந்து ஒரு நாள், மத்தியானம் அவர் வந்தார். தொப்பியைக் கழட்டாம உக்காந்தார். "என்னை இறக்கிட்டாங்க" என்றார்.

எனக்கு விளங்கலை. எதிலிருந்து இறக்கினாங்க, பஸ்ஸிலிருந்தான்னு நினைச்சேன்.

விஷயம் என்னன்னா, பழைய ஏட்டு ஒருத்தர் மேல ஏதோ குத்தம் இருந்து லிஸ்டில் விட்டுப் போயிருந்தாராம். அந்தக் குத்தம் தள்ளுபடியாகித் திரும்ப வந்துட்டார். அவருக்கு இடம் வேணும்னா கடைசியா ஏறினவர் இறங்கணுமாம். கடைசியா ஏறினது இவரில்லைக்கா, இவருக்கு அப்புறம் ஏறினவர் ஒருத்தர் இருக்கார். லிஸ்டில் தேதி மாறிக் கிடக்கு. ஆனா இவரைத்தான் இறக்கிட்டாங்க. "ஏன் இறக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை கேட்டானுங்களா? ஒரு நோட்டீஸ் கொடுத்தானுங்களா? கேட்டிருந்தா தேதியைக் காட்டியிருப்பேனே" என்று கத்தினார். "கேட்டோம், பதினஞ்சு நாள் டைம் கொடுத்தோம், பதில் வரலைன்னு எழுதியிருக்கான் பாரு, பொய்யன்!"

அப்பத்தான்க்கா எனக்கு முருகன் படம் ஞாபகம் வந்தது.

அவர் குளிக்கப் போனதும் எடுத்தேன். பிரிச்சேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, "பதவியிறக்கம் ஏன் செய்யக் கூடாது" என்கிற இடம் வரைக்கும் படிச்சேன். மேல படிக்க முடியலை. உள்ளே தண்ணி ஊத்துற சத்தம் நின்னுருச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அடுப்பில் போட்டுட்டேன். குங்குமத்தோட எரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி மூணு கோட்டுப் பட்டையைப் பிரிச்சேன். வெயில் படாத இடம் மட்டும் காக்கி கறுப்பா, பட்டை வடிவிலேயே தெரிஞ்சுது. அந்தத் தடத்து மேல ரெண்டு கோட்டை வச்சுத் தைச்சா, மூணாவது இருந்த தடம் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. ஸ்டேஷனில் ஒரு பையன், "என்ன தவமணி அண்ணே, பட்டைக்கு நிழல் விழுது?" என்று கேட்டானாம். இவர் சாப்பிடுறதை விட்டது அன்னையிலிருந்துதான். தட்டைத் தொடுவார், எழுந்திரிச்சிடுவார். "அந்த மூணாவது கோடு திரும்ப வரலைன்னா இனி அந்த ஸ்டேஷன் படியை மிதிக்க மாட்டேன், என்னைத் தேடாதே" என்றார். தேடாதேன்னா என்ன அர்த்தம்க்கா? நான் யாரைக் கேப்பேன்?

மதுரைக்குப் போய் வக்கீல் பிடிச்சார். நோட்டீஸே கொடுக்காம இறக்கிட்டாங்க என்பதுதான் கேஸ். இறக்கினதுக்குக் கோர்ட்டில் தடை கிடைச்சுது. திரும்ப மூணு கோடு தைச்சேன். அந்த ஊசி எனக்குக் குத்தாத விரல் இல்லை. சரி, முருகன் காப்பாத்திட்டார்னு இருந்தேன். போன மாசம் ஆபீஸ்காரங்க பதில் போட்டாங்க: நோட்டீஸ் வீட்டில் கொடுத்திருக்கு, அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க, இதோ நோட்டோட நகல் என்று.

அந்த நகலை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான் அடுப்படியில் நின்னேன். சொல்லிடலாம், அடிச்சா அடிக்கட்டும்னு வெளியே வர்றேன், மனுஷன் சிரிக்கிறார்! மூணு மாசத்தில் முதல் சிரிப்பு.

"இந்தா, இங்க வா. இதைப் பாரு. உன் பேரை எவனோ எழுதியிருக்கான். அதையும் தப்பா எழுதியிருக்கான்!"

குனிஞ்சு பார்த்தேன். என் எழுத்துத்தான். எனக்குத் தப்பாத் தெரியலை.

"உனக்கு என்ன தெரியப் போகுது? இந்தா, இந்த எழுத்து. மூணு சுழி வரணும். ரெண்டு சுழி போட்டிருக்கான், கூமுட்டை. சொந்தப் பேரை எவளாவது தப்பா எழுதுவாளா?"

"எழுத மாட்டாங்க" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன்க்கா, என் வாயாலேயே. நாலாப்பில் யார் சொல்லிக் கொடுத்தாங்களோ, நானாத்தான் பிடிச்சுக்கிட்டேனோ, இத்தனை வருஷம் என் பேர் ரெண்டு சுழின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டேன்னு சந்தோஷப்பட்டேனே, அது என் பேரே இல்லையாம்.

அன்னைக்கு அவர் ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ரசம் ஊத்திக்கிட்டே, "ஏட்டம்மா, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீங்களே சொல்லுங்க, எப்படிச் சொல்லுவேன்?

போன வாரம் என்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனார். வக்கீலுக்கு ஒரே குஷி. "உங்க வீட்டுக்காரருக்கு நல்ல சுழிம்மா. ஒரு சுழி குறைஞ்சதால ஒரு கோடு நிலைக்கப் போகுது" என்று அவரே சொல்லி அவரே சிரிச்சார். பேங்க் ஃபாரத்தில் வச்ச ரேகையோட நகலையும் வாங்கி வச்சிருக்கார். எனக்கு எழுதத் தெரியாது, நோட்டீஸ் எதையும் நான் வாங்கலைன்னு இங்கிலீஷில் அடிச்ச சத்தியத் தாளைக் குமாஸ்தா தமிழில் சொன்னார். எங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே கொடுத்த தாளையும் சொன்னார். "என் மனைவி பஞ்சவர்ணம் எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று அதில் இருந்தது. என் மனைவி பஞ்சவர்ணம். அவர் சொல்லி என் பேரைக் கேட்டது அன்னைக்குத்தான். மத்தது காதில் ஏறலை.

விரலை நீட்டினேன். உருட்டி வச்சாங்க.

அது உங்க வீட்டைத்தான் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. எங்க மேல இருந்த பாரம் இறங்கிருச்சுன்னு நினைச்சேன், அது யார் மேல போய் உக்காருதுன்னு நான் யோசிக்கலை. எங்க வீட்டுக்காரர் மேல கோபப்படாதீங்க. அவர் பொய் சொல்லலை. அவருக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதிக் கொடுத்தார். ஆறு வருஷம் கூட இருந்தும் தெரியலைன்னா அதுக்கு நான்தானே காரணம்? நான்தானே சொல்லலை?

ஒண்ணு கேக்கவா? அருள்தாஸ் அண்ணன், கவரை வேற வீட்டில் கொடுத்துட்டேன், மறந்துட்டேன்னு சொல்ல முடியாதா? மறதிக்கு வேலை போகாதில்லையா? சின்ன தண்டனையோட விட்டுட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும்...

இல்லைக்கா. இல்லை. கேட்டிருக்கக் கூடாது. வாய் வராத வாய், வந்தா இப்படித்தான் வரும். அழாதீங்க. அண்ணன் உள்ளேதான் இருக்காரா? மூணு நாளா எழுந்திரிக்கலையா? அவரும் சாப்பிடலையா?

ஐயோ.

சரி. ஒரு தாள் இருக்காக்கா? உங்க பொண்ணு நோட்டிலிருந்து கிழிச்சுக் கொடுத்தாலும் போதும். நீங்க பத்தாவது படிச்சவங்க. நான் சொல்றதை எழுதுங்க, கீழே நான் போடுறேன். கோர்ட்டில் நின்னு பேசச் சொன்னா எனக்கு வராது, செத்தே போயிடுவேன். எழுதினது பேசட்டும்.

மொதல்ல இதை எழுதுங்க: என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிட்டீங்களா? அதுதான் முதல் வரியா இருக்கணும். அப்புறம், கவரை அருள்தாஸ் அண்ணன் கொடுத்தார், நான் வாங்கினேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்ன்னு எழுதுங்க. அடுப்பில் போட்டதையும் எழுதுங்க. விரல் வச்சது நான் பயந்து வச்சது. பொய்ச் சத்தியத்துக்கு என்னை உள்ளே போடுவாங்களாக்கா? பால் குடி மறக்காத பிள்ளை இருந்தா கூட விடுவாங்களா? சரி, அதை எழுத வேண்டாம்.

பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க. எழுந்திரிக்காது.

ஆனா ஒரு சந்தேகம். இப்ப எனக்குச் சரியா எழுத வரும். அவர் காட்டின நாளிலிருந்து அடுப்படித் தரையில் தண்ணி தொட்டு மூணு சுழி எழுதி எழுதி அழிச்சிருக்கேன். கைக்குப் பழகிருச்சு. இதில் சரியா எழுதினா வேற யாரோ போட்டதும்பாங்க. தப்பா எழுதினாத்தானே நான்னு நம்புவாங்க? ரெண்டு சுழியே போடுறேன். ப, ஞ், ச... பக்கத்தில் நின்னு பாக்காதீங்க. ம்.

இந்தாங்க.

எங்கே கொடுக்கணுமோ கொடுங்க, ஆபீஸில் கொடுங்க, கோர்ட்டில் கொடுங்க. நான் தடுக்க மாட்டேன். பாப்பாவைத் தாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அவர் ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். நான் இன்னும் உலைகூட வைக்கலை. ரெண்டு மணிக்கு மேல கொண்டு போங்கக்கா. அதுக்குள்ள அவர் சாப்பிட்டு முடிச்சிருவார்.